சுண்ணாம்புக் கோடும் பதிவேடும்

ஒரு கல்லூரியின் விழா மலரைக் கையிலெடுப்போர் முதலிற் புரட்டுவது விளையாட்டுப் பகுதியையே. எந்த ஆண்டில் எந்த இல்லம் கேடயம் பெற்றது, நூறு யார் ஓட்டத்தில் முதல்வர் யார், உயரம் பாய்தலில் எவருடைய பதிவு இன்னும் முறியடிக்கப்படாது நிற்கின்றது என்றெல்லாம் தேடித் தம் பெயரையோ தம் தோழர் பெயரையோ கண்டு மகிழ்வர். அம்மகிழ்ச்சியைக் குறைகூற நாம் முன்வரவில்லை. அப்பட்டியலில் எமது பெயர் இல்லை என்பதும் இக்கட்டுரைக்குக் காரணமன்று. ஓரளவு அதுவே காரணம் என்று எவரேனும் கூறின் மறுக்கவும் மாட்டோம்.

நாம் எழுதப் புகுவது வேறு சிலரைப் பற்றி. சுண்ணாம்புக் கோடு இழுத்தவர், நாடா பிடித்தவர், மணலை வாரிச் சமன் செய்தவர், நேரங் குறித்தவர், புள்ளி கூட்டியவர், பெயர் அழைத்தவர் ஆகிய மாணவரே அவர். மெய்வல்லுநர் போட்டியை நடத்தும் வேலை மாணவர் கையிலிருந்து மெல்ல மெல்ல நழுவி வருகின்றது. அது மீண்டும் அவர் கைக்கு வரல் வேண்டும் என்பதே எமது கருத்து. அதற்குத் தடையாக நிற்போருட் பழைய மாணவர் சமுதாயமும் ஒன்று என்பதை, அச்சமுதாயத்தின் மலரிலேயே எழுதத் துணிகின்றோம்.

அண்மையில் ஓர் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு அழைக்கப்பட்டுச் சென்றிருந்தோம். எந்தக் கல்லூரி என்பது வேண்டா. மைதானத்தின் மேற்கே பெருங் கொட்டகை; வாடகைக்கு அமர்த்தப்பட்ட நிறுவனத்தார் அமைத்தது. ஒலிபெருக்கியில் முழங்கியவர் ஊதியத்துக்கு வந்த அறிவிப்பாளர்; ஓட வந்த பிள்ளைகளின் பெயர்களில் ஒன்றிரண்டையாவது அவர் பிழையின்றிக் கூறியிருப்பார் என நம்புகின்றோம். கோடுகளை இழுத்தவரும் கூலிக்கு வந்தவரே. கணினியின் முன்னிருந்து புள்ளி கூட்டியவர் ஓர் ஆசிரியர். நடுவர் கதிரைகளில் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் எம்மையொத்த நரைத்த தலையினர். மாணவரோ மார்பிற் சின்னங் குத்திக்கொண்டு வேப்பமர நிழலில் நின்றனர்.

அவருள் ஒருவனை அழைத்து, “தம்பி, இன்று உமக்கு என்ன பொறுப்பு?” என்று வினவினோம்.

“ஒன்றுமில்லை ஐயா. பிரதம விருந்தினர் வரும்போது வரிசையில் நிற்க வேண்டும். பிறகு குளிர்பானம் கொடுக்க வேண்டும்” என்றான்.

அவன் முறைப்பாடாகக் கூறவில்லை. அதுவே எம்மை வருத்தியது. விளையாட்டுப் போட்டியில் ஓடாத மாணவனுக்கு வேறு வேலை இருக்கக்கூடும் என்ற நினைவே அவனுக்கு இல்லை. பிரதம விருந்தினர் முக்கால் மணி நேரம் பிந்தி வந்தார் என்பதையும், அதுவரை அவ்வரிசை மாசி மாத வெயிலில் நின்றது என்பதையும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்வோம்.

நாம் பயின்ற காலத்தில் நிலைமை வேறாயிருந்தது. 1964 ஆம் ஆண்டில் நாம் சாதாரண தர வகுப்பில் இருந்தோம். ஓட்டத்தில் எப்போதும் இறுதியில் வருபவன் என்ற பெயர் எமக்குண்டு. பாய்தலிலோ மணற் குழியை எட்டினாலே தோழர் கைதட்டுவர். முதலாந் தவணை தொடங்கி, தைப்பொங்கல் கழிந்த மறு வாரம், உடற்பயிற்சி ஆசிரியர் எம்மையும் எம்போன்ற மூவரையும் அழைத்தார். “ஓட முடியாவிட்டாற் போகட்டும். எண்ணத் தெரியுமல்லவா? நாளைக் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள்” என்றார். அவ்வளவே. நியமனக் கடிதமும் இல்லை, சின்னமும் இல்லை.

மறுநாட் காலை பனி புல்லில் இருக்கும்போதே வேலை தொடங்கிற்று. முதலில் ஒரு நேர்கோடு. அதன் இரு முனைகளிலும் முளைகள். அந்நேர்கோட்டுக்குச் செங்குத்தாக இன்னொரு கோடு வேண்டும். அதற்கு ஆசிரியர் கையில் எந்தக் கருவியும் இருக்கவில்லை. ஒரு கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து என்ற அளவுகளில் முடிச்சிட்டு, மூவரை மூன்று முடிச்சுகளிற் பிடித்து இழுக்கச் சொன்னார். செங்கோணம் பிறந்தது. பைதகரசுத் தேற்றத்தை நாம் முந்திய ஆண்டிலேயே மனனஞ் செய்து பரீட்சையில் நல்ல புள்ளியும் பெற்றிருந்தோம். அது கயிற்றிலும் நிற்கும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

வளைவுகளுக்குக் கயிறு உதவாது. இழுக்க இழுக்க நீளும். ஆகவே நடு முளையிற் கம்பியைக் கட்டி, மறுமுனையில் ஆணியைப் பிடித்துக்கொண்டு அரைவட்டமாக நடந்தோம். பின்னர்ச் சுவடு பிரித்தல். ஒவ்வொரு சுவடும் 4 அடி அகலம், இன்றைய 1.22 மீற்றரும் அதே அளவுதான். முழுச் சுற்று ஓடும் ஓட்டத்தில் வெளிச் சுவட்டில் நிற்பவன் எவ்வளவு முன்தள்ளி நிற்க வேண்டும் என்பதே அடுத்த கேள்வி. “எமது மைதானம் சிறியது. பெரிய மைதானமாயின் இன்னுங் கூடுதலாகத் தள்ள வேண்டுமா?” என்று ஆசிரியர் வினவினார். நால்வரும் ஒரே குரலில் ஆம் என்றோம். அவர் சிரித்துவிட்டு, நாளை வந்து கூறுங்கள் என்றார். அன்றிரவு விளக்கடியில் இருந்து கணக்கிட்டோம். இரு வளைவுகளுஞ் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். ஆரை 4 அடி கூடினாற் பரிதி எவ்வளவு கூடும்? நாலின் இருமடங்கை இருபத்திரண்டின் கீழ் ஏழாற் பெருக்க, 25 அடிக்குச் சற்று மேல். மைதானம் எவ்வளவு பெரிதாயினும் அதுவே. வட்டத்தின் அளவு கணக்கிலே வரவேயில்லை. அந்த இரவில் எமக்கு ஏற்பட்ட வியப்பு பின்னர் எந்தப் பாடநூலிலும் ஏற்பட்டதில்லை. இன்றைய விதிப்படி, உட்புறம் உயர்ந்த வரம்புள்ள ஓடுபாதையில் முதற் சுவட்டை வரம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளியும், ஏனையவற்றைக் கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளியும் அளப்பர். ஆதலின் இரண்டாஞ் சுவட்டுக்கு 7.04 மீற்றரும், அதற்கப்பால் ஒவ்வொன்றுக்கும் 7.67 மீற்றரும் கூடும். இவ்வேறுபாடு ஏன் என்பதை ஒரு மாணவன் தானே கண்டுபிடிக்கட்டும். நாம் கூறிவிட்டால் அவனது இரவு வீணாகும்.

நிற்க. சுண்ணாம்பைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை நீரிற் கரைத்துப் பேணியில் எடுத்து, கயிற்றோரமாகக் கைநடுங்காமல் ஊற்றிச் செல்ல வேண்டும். உலர் தூளாகத் தூவினாற் காற்றுக்குக் கண்ணில் விழும்; விழுந்தால் விளையாட்டன்று. விரலிடுக்குகள் வெந்து போகும். தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வகுப்புக்குப் போவோம். இரண்டு நாள் உழைத்து இழுத்த கோடுகளின் மேல் இரவிற் கட்டாக்காலி மாடுகள் உலாவிவிட்டுப் போகும். விடியலில் மீண்டும் பேணியும் கையுமாக நிற்போம். போட்டி நாளன்று மூவாயிரங் கண்கள் அக்கோடுகளைப் பார்த்தன. எவரும் அவற்றைக் கண்டிலர். கோடு கோணினாற் கண்டிருப்பர்.

நேரங் குறித்தல் இன்னொரு கலை. கடிகாரத்தை வெடியோசை கேட்டு அழுத்தலாகாது. புகையைக் கண்டு அழுத்த வேண்டும். ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 1,100 அடி செல்வது. நூறு யாருக்கு அப்பால் நிற்பவன் காதுக்கு அது வந்துசேரக் கால் வினாடிக்குச் சற்று மேலாகும். நல்ல ஓட்டக்காரன் அவ்வேளையில் இரண்டரை யார் ஓடிவிடுவான். ஓசைக்கு அழுத்தியவன் அந்த இரண்டரை யாரை இலவசமாகக் கொடுத்துவிடுகின்றான். அவன் குறித்த நேரம் ஒரு பொய்ச் சாதனையாகிக் கல்லூரிப் பலகையில் ஏறி, உண்மையாக ஓடும் பிள்ளைகளைப் பல்லாண்டு ஏமாற்றும். துப்பாக்கி இல்லாத இடத்தில் இரு பலகைகளைத் தட்டுவர். அப்போதும் பலகை சேர்வதைக் கண்ணாற் காண வேண்டுமேயன்றிக் காதை நம்பலாகாது. ஒரே ஓட்டக்காரனுக்கு மூவர் நேரங் குறிப்பின், இருவர் ஒத்திருந்தால் அதுவே முடிவு. மூவரும் வேறுபட்டால் நடு அளவு. இரு கடிகாரங்களே இருந்து வேறுபட்டால் கூடிய நேரம். பத்திலொரு வினாடிக்கு மேற்பட்ட துணுக்கு எஞ்சினால் அடுத்த பத்திலொன்றுக்கு ஏற்றி எழுத வேண்டும், ஒருபோதும் இறக்கியன்று. ஐயம் நேரும்போது ஓடினவனுக்குச் சலுகை காட்டாத கண்டிப்பு இது. பதினாறு வயதில் இக்கண்டிப்பைக் கைக்கொண்டு பழகுவது எளிதன்று. ஓடுபவன் எம் இல்லத்தவனாயின் அது மிகவும் கடினம்.

அக்கடினத்தில் நாம் வழுக்கிய கதையை இனிக் கூறுவோம்.

1965 ஆம் ஆண்டுப் போட்டியில் நீளம் பாய்தலுக்குப் பதிவாளராக இருந்தோம். மணலில் விழுந்த அடையாளங்களுள் எது பலகைக்கு அண்மையிலுள்ளதோ அதில் நாடாவின் தொடக்க முனையைப் பிடிப்பான் ஒருவன், பலகையருகே நிற்பவன் அளவை வாசிப்பான், நாம் எழுதுவோம். மற்றோர் இல்லத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் தமது ஐந்தாம் பாய்ச்சலில் நன்றாகப் பாய்ந்தார். வாசித்தவன் “பதினெட்டடி பதினோரங்குலம்” என்றான். கொட்டகைப் பக்கமிருந்து பாட்டு ஒலித்துக் கொண்டிருந்தது. தெற்குக் காற்றும் வீசிற்று. எமது காதில் விழுந்தது “பதினெட்டடி ஓரங்குலம்.” அவ்வாறே 18 அடி 1 அங்குலம் என எழுதினோம். மணல் வாரப்பட்டது. அவருடைய மற்றைப் பாய்ச்சல்கள் யாவும் பதினெட்டடிக்கு உட்பட்டவை.

முடிவிலே முதலாமவர் 19 அடி 4 அங்குலம். இரண்டாமிடம் 18 அடி 8 அங்குலம் பாய்ந்த எம் இல்லத்தவனுக்கு. மூன்றாமிடம் 18 அடி 5 அங்குலத்துக்கு. அவர் நான்காமவர், நான்காமவருக்குப் புள்ளியில்லை. முதலிடத்துக்கு 5, அடுத்ததற்கு 3, அடுத்ததற்கு 1 என்பது அக்கால முறை. அன்று மாலை எம் இல்லம் இரண்டே புள்ளிகளால் அவருடைய இல்லத்தை முந்திக் கேடயத்தைப் பெற்றது.

பாய்ந்தவருக்குத் தாம் பாய்ந்த தூரந் தெரியாமற் போகாது. மைதானத்தில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டங் கலைந்தபின் எம்மிடம் வந்து, “என் ஐந்தாவது பாய்ச்சலை எவ்வளவென்று எழுதினீர்?” என்று மெதுவாகக் கேட்டார். காட்டினோம். தாளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அப்போதே எமக்கு உள்ளத்திற் சுருக்கென்றது. அளவு வாசித்தவனைத் தேடிச் சென்று கேட்டோம். ஐயமின்றிப் பதினோரங்குலம் என்றான்.

அன்றிரவு நாம் உறங்கவில்லை என்று எழுதினால் அழகாயிருக்கும், உண்மையில் உறங்கினோம். கேடயம் எம் இல்லத்திலிருந்தது, மணல் வாரப்பட்டுவிட்டது, தாளில் மையால் எழுதியது எழுதியதே. இவ்வளவும் எமக்குத் துணைநின்றன. காலையில் எழுந்தபோதுதான் அத்துணை போதாதென்று தோன்றிற்று. ஆசிரியரிடம் சென்று கூறினோம். அவர் வாசித்தவனையும் நாடா பிடித்தவனையும் தனித்தனியே அழைத்து விசாரித்தார். இருவர் சொல்லும் ஒத்திருந்தன. திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் முடிவு திருத்தி அறிவிக்கப்பட்டது. அவருடைய இல்லத்துக்கு 3 புள்ளி ஏறிற்று. எம் இல்லத்துக்கு 2 குறைந்தது. இரண்டால் முந்தியிருந்தோர் மூன்றாற் பிந்தினோம். கேடயம் மேடையிலேயே கைமாறியது. அத்தவணை முடியும்வரை எம் இல்லத்தாரிற் பலர் எம்மோடு பேசவில்லை. அவரைக் குறைகூற மாட்டோம்.

அடுத்த ஆண்டும் ஆசிரியர் எம்மையே பதிவாளராக நியமித்தார். “பிழை விட்டவனையா மறுபடியும் வைப்பது?” என்று ஒருவர் கேட்டபோது, “இனி அவன் விடமாட்டான், புதியவன் விடுவான்” என்றார். ஆனால் ஒரு விதியை ஏற்படுத்தினார். வாசித்த அளவைப் பதிவாளன் உரத்துத் திருப்பிக் கூற வேண்டும்; வாசித்தவன் ஆமெனத் தலையசைத்த பின்னரே மணலில் வாரியை வைக்கலாம். பிற்காலத்தில் நில அளவைத் திணைக்களத்திற் சேர்ந்து, சங்கிலி பிடிப்பவன் கூறும் எண்ணைத் திருப்பிக் கூறிய பின்னரே ஏட்டில் எழுதுக என்று மேலதிகாரி எமக்குக் கற்பித்த அன்று, ஐயா, இதை நாம் முன்னரே அறிவோம் என்று கூற நினைத்துக் கூறாது விட்டோம். அன்று பாய்ந்த நண்பர் இப்போது கனடாவில் வாழ்கின்றார். ஆண்டுக்கொரு முறை தொலைபேசியில் அழைப்பார். எம் குரல் கேட்டதும் அவர் முதலிற் கூறுவது, “பதினோரங்குலம்.”

இனி, எமது கருத்துக்கு எதிராகக் கூறப்படுவனவற்றைப் பார்ப்போம்.

வாடகைக்கு வருவோர் பிழையின்றிச் செய்வர். மாணவர் நீர் செய்ததுபோற் செய்வர் என்று கூறலாம். மறுக்கவியலாத வாதம். வலய மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம் என மேலே செல்லுந்தோறும் ஒரு பிள்ளையின் எதிர்காலம் பத்திலொரு வினாடியிலே தங்கியிருக்கும். அங்கே பயின்ற நடுவரும் மின்கருவியும் வேண்டும். அங்கு மாணவரைப் பழக விடுக என நாம் கூறவில்லை. ஆயின் இல்லப் போட்டி எதற்காக ஏற்பட்டது? ஓடப் பழகுவோன் அங்கே பிழைவிட்டுப் பழகலாம். கோலைத் தட்டி வீழ்த்தலாம். அஞ்சல் ஓட்டத்திற் கோலைத் தவறவிடலாம். நடத்தப் பழகுவோனுக்கு மட்டும் அவ்வுரிமை ஏன் இல்லை?

அன்றியும், எம்போன்ற முதியோர் நடுவராயமர்ந்தாற் பிழை வாராது என்பதும் பொய். நாம் எம் காலத்து விதியையே தலையிற் சுமந்து வருகின்றோம். முந்தியெழும் ஓட்டக்காரனுக்கு ஒருமுறை மன்னிப்புண்டு என்பது எமது பாடம். 2003 இல் அம்மன்னிப்பு ஓடுவோர் அனைவருக்கும் பொதுவாக ஒன்றேயாயிற்று. 2010 இலிருந்து, பல்நிகழ்ச்சிப் போட்டி நீங்கலாக, அதுவுமில்லை. அஞ்சற் கோலை மாற்றும் எல்லை எமக்கு 20 மீற்றர். அதற்கு முன் 10 மீற்றர் ஓடி வரலாம். இன்று இரண்டையுஞ் சேர்த்து 30 மீற்றரும் மாற்றும் எல்லையே. இதை அறியாத பழைய மாணவர் ஒருவர் ஓர் அணியை நீக்க வேண்டுமென அடம்பிடித்ததையும், பதினேழு வயதுப் பையன் ஒருவன் விதிநூலைக் கையில் வைத்துக்கொண்டு பேசவஞ்சி நின்றதையும் நேரிற் கண்டோம். பேசாதிருந்தமைக்காக அவனைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. எம்மைப் போன்றோரை நடுவர் கதிரையில் இருத்தி மாலை போட்டவர் அவனுடைய அதிபரல்லவா?

பெற்றோர் கூறுவது வேறு. பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியிலே தொங்குகின்றது; தனியார் வகுப்பு விடியலிற் தொடங்கி இரவில் முடிகின்றது; இடையிலே கோடு இழுக்கப் பிள்ளைக்கு நேரமேது என்பர். அவ்வச்சத்தை எள்ளி நகையாடும் உரிமை எமக்கில்லை. எம் பேரப் பிள்ளைகளும் அவ்வகுப்புகளுக்கே போகின்றனர். உயர்தரப் பரீட்சை எழுதும் ஆண்டில் எவரையும் அழைக்க வேண்டா. அதற்கு முந்திய ஆண்டுகளில், ஆண்டுக்கு இரண்டு வாரம், காலையில் ஒரு மணி நேரம். முழுச் சுற்றுக்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டுமென ஒருமுறை தானே கண்டவன், வட்டத்தைப் பற்றிய வினாவைப் பின்னர் எந்தத் தாளிற் கண்டாலும் அஞ்சமாட்டான் என்பது மட்டும் எமது அனுபவம்.

ஆபத்தைப் பற்றிய எதிர்ப்பே எல்லாவற்றினும் வலியது. அதிலே எமக்கு விட்டுக்கொடுப்பில்லை. ஈட்டியும் தட்டும் குண்டும் விழுமிடத்தில் மாணவரைத் தனியே நிறுத்தலாகாது. எம் காலத்தில் விழுந்த தட்டை எடுத்த பையன் நடந்துவரச் சோம்பி அதைத் திருப்பி எறிந்தான்; அது வட்டத்தருகே நின்றவனின் காலுக்கு ஒரு முழம் அப்பால் விழுந்தது. எறிந்தவனுக்கு மட்டுமன்று, பார்த்திருந்த எமக்கும் வியர்த்தது. எறியப்பட்டதைக் கையிற் கொண்டுவர வேண்டும், எறியலாகாது என்ற விதி எல்லாக் காலத்துக்கும் உரியது. எறிதல் நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் கொடியோடு நிற்க வேண்டும். அவர் கொடியைத் தாழ்த்தாமல் எவனும் எல்லைக்குள் அடியெடுத்து வைக்கலாகாது. ஆசிரியர் இல்லையாயின் அந்நிகழ்ச்சி நடவாதொழிக. அதனால் ஒரு கேடயமும் குறைந்துவிடாது.

மாணவரை வேலை வாங்குதல் சுரண்டலாகாதோ என்றும் சிலர் கேட்கின்றனர். கதிரை தூக்கவும், குளிர்பானம் பரிமாறவும், வெயிலில் வரிசையாக நிற்கவும் மட்டும் அவரை ஏவினாற் சுரண்டலேயாகும். அதுவே இன்று நடப்பதும். கதிரை தூக்குவது இழிவன்று, நாமும் தூக்கினோம். ஆனால் தூக்கிய கைக்கே பின்னர்க் கடிகாரமுந் தரப்பட்டது. இன்று கடிகாரத்தைத் தாம் வைத்துக்கொண்டு கதிரையை மட்டும் பிள்ளைக்குக் கொடுக்கின்றனர்.

1990 முதற் பல்லாண்டுகள் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. நாம் அப்போது அங்கிருக்கவில்லை. இருந்தோர் கூறக் கேட்டிருக்கின்றோம்: போட்டி நடத்த முடிந்த ஆண்டுகளில் ஒலிபெருக்கிக்கு மாற்றாகத் தொண்டையும், கொட்டகைக்கு மாற்றாக மரநிழலும் உதவினவாம், கோடு இழுத்ததும் புள்ளி கூட்டியதும் மாணவர்தாமாம். அவ்வறுமை மீண்டும் வரவேண்டுமென எவரும் விரும்பார். எனினும் அன்று செய்ய வல்லவராயிருந்த மாணவர், வசதி வந்ததும் வல்லமையற்றவராகிவிட்டனர் என்று எண்ணுவதற்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

1958 ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்குத் தங்கப் பதக்கம் ஈட்டிய எதிர்வீரசிங்கம் அவர்களை யாழ்ப்பாணத்தார் எவரும் மறவார். அவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். ஒவ்வொரு முறை கோல் உயர்த்தப்படும்போதும் நடுவிலும் இரு முனையிலும் அளந்து பார்த்த பின்னரே பாய விடுவர். நடு தொய்ந்திருப்பின் உயரம் உயரமன்று. தோக்கியோவில் அதைச் செய்தவர் தேர்ந்த நடுவர். அதற்குப் பல்லாண்டு முன், செம்மண் மைதானமொன்றில், முதன்முதலாக அவருக்குக் கோலை ஏற்றி வைத்து அளவுகோலை நிமிர்த்திப் பிடித்த கை யாருடையதோ? ஒரு மாணவனுடையதாயிருக்கும் என்றே நாம் நினைத்துக்கொள்கின்றோம்.

எமது கல்லூரி செய்யத்தக்கது பெரிதன்று. ஒவ்வோர் இல்லமும் ஓட்டத்தில் வல்லாரைத் தெரிவதற்கு முன், ஓடாதவருள் நால்வரைத் தெரியட்டும். அவருக்கு உடற்பயிற்சி ஆசிரியர் விதிநூலைக் கற்பிக்கட்டும்; ஒரு சிறு பரீட்சையும் வைக்கட்டும். எவனும் தன் இல்லத்தவர் முதன்மைக்குப் போட்டியிடும் நிகழ்ச்சிக்குப் பதிவாளனாக இராதபடி பங்கிடட்டும். இதை நாம் ஏன் வற்புறுத்துகின்றோம் என்பது மேலே கூறிய கதையால் விளங்கும். நிகழ்ச்சி நிரலில் ஓட்டக்காரர் பெயரோடு அவர் பெயரும் அச்சாகட்டும். கல்லூரியை விட்டுப் போகும்போது கொடுக்கும் நற்சான்றிதழில், இன்ன ஆண்டு இன்ன பொறுப்பு வகித்தார் என்று ஒரு வரி எழுதப்படட்டும். வேலை தேடிச் செல்லும் இளைஞனுக்கு அவ்வரி, அவன் அணிநடையிற் கால் தூக்கிய செய்தியினும் பயன்படும்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து அன்போடு அனுப்பப்படும் பணம் கொட்டகைக்கும் விருந்துக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவாகின்றது. ஒருநாட் கொட்டகையின் வாடகையில் எத்தனை நாடாக்களும் கடிகாரங்களும் வாங்கலாம் என்பதைப் பொருளாளர் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கட்டும். நடுவர் கதிரைகளை நாம் காலிசெய்வோம். பழைய மாணவர் ஓட்டம் மட்டும் இருக்கட்டும். அதனால் எவருக்கும் தீங்கில்லை, ஓடுபவரின் முழங்காலுக்கன்றி.

எம் காலத்துத் துணி நாடா ஒன்று இன்றும் எம்மிடமுண்டு. ஆசிரியர் ஓய்வுபெற்ற ஆண்டில் எமக்குத் தந்தது. அதன் முதல் அடி தேய்ந்து எண்கள் அழிந்துவிட்டன. ஒன்றாம் அடியில் வைத்து அளந்து பின்னர் ஓரடி கழிக்க வேண்டும். அக்கழித்தலை மறந்தவரும் உண்டு. அதைக் கல்லூரிக்குக் கொடுப்பதிற் பயனில்லை. வருகின்ற முதலாந் தவணையில் 50 மீற்றர் உருக்கு நாடா இரண்டும் நிறுத்தற் கடிகாரம் ஆறும் அதிபரிடம் ஒப்படைக்க எண்ணியுள்ளோம். அவற்றை அலுமாரியிற் பூட்டாமல் மாணவர் கையிற் கொடுக்க வேண்டுமென்பதே எமது ஒரே நிபந்தனை. கோடு இழுக்கும் காலை, அனுமதித்தால், வேலிக்கு வெளியே நின்று பார்ப்போம்.